ஆல்பி கட்டிய பள்ளிக்கூடம்

அரசாங்கத்திலிருந்து யார் வந்தாலும் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்பது ஆல்பி ப்ரிட்மோரின் தீர்மானம். புல்லை மொட்டையடிக்கும் முயல்களை எண்ண வந்தவன் வேலியில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போனான். தண்ணீர் பார்க்க வந்தவன் ஆழ்குழாயில் ஒரு மீட்டரை மாட்டிவிட்டுப் போனான். இப்போது பேத்திகளைப் பார்க்க ஒருத்தி வருகிறாளாம்.

"பாக்கத்தான் வர்றாங்க, ஆல்பி. புடிச்சிட்டுப் போக இல்ல," என்றாள் மருமகள் ஜெனெல்.

"மீட்டர்காரனும் பாக்கத்தான் வந்தான்."

கூனாவிராவில் இருந்த பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் போதவில்லை என்று போன வருடம் மூடிவிட்டார்கள். அடுத்த பள்ளிக்கூடத்துக்குக் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். "அப்ப நானே சொல்லிக் குடுக்கறேன்," என்றாள் ஜெனெல். மூத்தவள் டீகனுக்குப் பத்து வயது, சின்னவள் பிப்பாவுக்கு ஏழு. கொஞ்ச காலத்துக்கு என்று அனுமதி கொடுத்தார்கள். அது முடியப் போகிறது. வீடு படிக்கத் தோதான இடமா என்று செவ்வாய்க்கிழமை ஒருத்தி நேரில் வந்து பார்ப்பாள். சரி என்றால் சரி. இல்லையென்றால் இல்லை.

படிப்பு நடப்பது சமையலறை மேசையில். அந்த மேசையில்தான் ரொட்டி வெட்டுவதும், ஆடுகளுக்குக் குடல்பூச்சி மருந்து கலப்பதும், மகன் ராஸ் கழற்றிப்போட்ட பம்பின் பாகங்கள் கிடப்பதும். அலமாரி மேலிருந்த வயர்லெஸ் பெட்டி, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதை நாள் முழுக்க ஒலிபரப்பும். தாயில்லாத ஆட்டுக்குட்டி ஒன்று, புட்டிப்பாலுக்காக, வலைக்கதவைத் தலையால் முட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் ஜெனெல் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். டீகன் மேசை மேல் படிப்பாள். பிப்பா மேசைக்கு அடியில், நாயோடு.

வீட்டில் ஒரு நல்ல இடம் இருந்தது. கிழக்குப் பக்கத்து வராண்டா. கண்ணாடிப் பட்டைகள் வைத்து அடைத்தது. காலை வெளிச்சம் விழும், மத்தியானம் நிழல், எப்போதும் ஒரு காற்று. அங்கே ஆல்பியின் நாற்காலி, ஆல்பியின் ரேடியோ, நாற்காலிக்கு அடியில் ஆல்பியின் குதிரைப் பந்தயப் பத்திரிகைகள். மனைவி போன பிறகு இந்த உலகத்தில் அவர் தனக்கென்று கேட்டுக்கொண்டது அந்த மூலை ஒன்றைத்தான்.

"அந்த வராண்டா வேணும் ஆல்பி. வெளிச்சம் இருக்கு, காத்து இருக்கு, சத்தம் இல்ல," என்று ஜெனெல் முதலிலேயே கேட்டாள்.

"அதனாலதான் நான் அங்க இருக்கேன்."

"பிள்ளைங்களுக்கு."

"நான் செத்ததும் எடுத்துக்கட்டும்."

"எப்பன்னு சொன்னீங்கன்னா பாடத்திட்டத்துல சேத்துக்குவேன்," என்றாள் ஜெனெல். ஆல்பி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மகனும் மருமகளும் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசியது வராண்டா வரைக்கும் கேட்டது. ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் ஆல்பிக்குக் கிடையாது. ரேடியோவை அணைத்தார், அவ்வளவுதான்.

"ஆகாதுன்னு சொல்லிட்டா?" என்றான் ராஸ்.

"டப்போ டவுன்ல, பள்ளிக்கூடத்துக்குப் பக்கமா ஒரு வீடு எடுக்கணும். பிப்பாவ விடுதில விட முடியாது, ஏழு வயசு. நானும் கூடப் போகணும்."

"அப்ப நானும் அப்பாவும்?"

"பீன்ஸ் டப்பா நிறைய இருக்கு."

ராஸ் சிரித்தான். ஜெனெல் சிரிக்கவில்லை. ஒரு தட்டைக் கழுவியவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஆல்பி நாற்காலியில் உட்கார்ந்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வீடு. இரண்டு ஆண்பிள்ளைகள். ஒரு டப்பாத் திறப்பான். காலையில் யாரும் யாரிடமும் சண்டை பிடிக்க மாட்டார்கள். மேசைக்கு அடியில் வெறும் நாய் மட்டும் இருக்கும். அந்தக் காட்சி அவருக்குப் பிடிக்கவில்லை. அதை வாயைத் திறந்து சொல்லும் ஆளும் இல்லை அவர்.

மறுநாள் ஜெனெல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். வண்டியின் தூசி அடங்குவதற்குள் ஆல்பி வேலையைத் தொடங்கிவிட்டார்.

கொல்லையில் பழைய சேண அறை ஒன்று உண்டு. குதிரைகள் போய் மோட்டார் சைக்கிள்கள் வந்த பிறகு அதற்குள் யாரும் போவதில்லை. அதைக் காலி செய்தார். பலகை வைத்துச் சுவரைப் பார்த்தபடி இரண்டு மேசை அடித்தார். ஆசிரியை உட்கார ஒரு உயரப் பெட்டி. ஆல்பி ஐந்தாவது வரைக்கும் படித்தவர். அவர் படித்த பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாது என்று ஜன்னல் கண்ணாடியில் பாதிக்கு வெள்ளை அடித்து வைத்திருப்பார்கள். அவரிடம் வெள்ளை இல்லை. கம்பளி அடைக்கும் சாக்கு இருந்தது. ஜன்னல் முழுக்க ஆணி அடித்து மூடினார். அப்படி மூடிய பள்ளியில் உட்கார்ந்தும் அவருக்குப் படிப்பு ஏறவில்லை. அது வேறு விஷயம்.

பள்ளிக்கூடம் என்றால் மணி வேண்டுமே. கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்குப் போய், அங்கே தொங்கிய பித்தளை மணியைக் கழற்றிக்கொண்டு வந்து உத்தரத்தில் மாட்டினார். அந்தப் பண்ணையில் அவர் அப்பா காலத்திலிருந்து ஸ்மோக்கோவுக்கு, அதாவது வேலைக்கு நடுவே டீ இடைவேளைக்கு, அடிக்கும் மணி அது. அந்தச் சத்தம் கேட்டால், கையில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு, டீக்கும் கேக்குக்கும் வந்துவிட வேண்டும். பாதி கத்தரித்த ஆடு கூடக் காத்திருக்கும்.

சாயங்காலம் திரும்பி வந்த ஜெனெல் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கண் பழக நேரம் பிடித்தது.

"என்ன இது ஆல்பி?"

"பள்ளிக்கூடம்."

"யாரு சாகப் போறா?"

"நாளைக்கு வர்றவளுக்கு இதைக் காட்டு. அந்தச் சமையலறையப் பாத்தான்னா மூட்டை கட்டிருவா."

டீகன் உள்ளே போய் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "தாத்தா, குதிரை வேர்வை நாத்தம் அடிக்குது. குதிரையே இல்ல, நாத்தம் மட்டும் இருக்கு."

ஜெனெல் கிழவரின் கையைப் பார்த்தாள். சுத்தியல் பட்டுக் கட்டைவிரல் நீலமாக வீங்கியிருந்தது. திட்ட வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். "நாளைக்கு நான் சமையலறையத்தான் காட்டப் போறேன். இருக்கறதத்தான் காட்டணும்," என்று மட்டும் சொன்னாள்.

இருப்பதைக் காட்டி ஆடு விற்றவன் எவன் என்று ஆல்பி தனக்குள் கேட்டுக்கொண்டார்.

ஆடு வாங்க ஆள் வருகிறான் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எந்தப் பண்ணைக்காரனுக்கும் தெரியும். முந்தின நாளே பிரித்துவிட வேண்டும். கொழுத்தது, வெள்ளையாக இருப்பது எல்லாம் வாசல் பட்டியில். நோஞ்சான், நொண்டி, ஈ மொய்த்தது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். வாங்க வருகிறவனுக்குச் சோப்ளாங்கி ஒன்று கண்ணில் பட்டால் போதும், மந்தைக்கே விலை விழுந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை உணவின்போது ஆல்பி பிரித்துப் பார்த்தார். தானிய டப்பாவை டீகன் முன் நகர்த்தி, "இதைப் படி," என்றார். டீகன் ரேடியோவில் செய்தி சொல்கிறவள் மாதிரி, பக்கத்தில் போட்டிருந்த உப்பு அளவு வரைக்கும் படித்து முடித்தாள். டப்பாவைப் பிப்பா பக்கம் திருப்பினார். பிப்பா டப்பாவைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "இதுல ஒரு பரிசு இருக்குன்னு போட்டிருக்கு," என்றாள். அப்படி எதுவும் போடவில்லை.

ஆல்பிக்குப் புரிந்துவிட்டது. ஒன்று வாசல் பட்டி. ஒன்று தூரத்துப் பட்டி.

ஜெனெல் தலை வாரப் போனதும், பிப்பாவைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "கொட்டகைல போய் ஆட்டுக்குட்டிக்குத் துணையா இரு. நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வராதே."

"எதுக்கு?"

"அதுக்குப் பயமா இருக்காம்."

"அதுக்கா, உங்களுக்கா?"

"போறியா, இல்லியா."

பிப்பா போனாள். பாக்கெட்டில் நாலு பிஸ்கட்டை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

வந்தவள் பெயர் க்ளெனிஸ். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, தூசி படிந்த கார், கையில் ஒரு கோப்பு. வெளி கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தால் அதை வைத்தே ஒரு சண்டை பிடிக்கலாம் என்று ஆல்பி காத்திருந்தார். அவள் இறங்கி, கேட்டைச் சாத்தி, சங்கிலியை மாட்டி, சரியாக மாட்டினோமா என்று இழுத்தும் பார்த்துவிட்டு வந்தாள். பழகின ஆள். இதுதான் ரொம்ப ஆபத்து.

"ரெண்டு பேருன்னு போட்டிருக்கு," என்றாள் க்ளெனிஸ், சமையலறையில் உட்கார்ந்து. "டீகன் இங்க இருக்கா. பிப்பா?"

ஜெனெல் சுற்றிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அப்பனோட போயிருக்கா," என்றார் ஆல்பி.

ஜெனெல் அவரைப் பார்த்தாள். ராஸ் விடியற்காலையிலேயே வேலி பார்க்கப் போனவன். பிப்பா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் விருந்தாளி முன்னால் என்ன கேட்பது? கெண்டியை அடுப்பில் வைத்தாள்.

க்ளெனிஸ் நிதானமாகப் பார்த்தாள். குளிர்பெட்டிக் கதவு முழுக்க ஒட்டியிருந்த ஓவியங்கள், ஜன்னலோரம் பாட்டிலில் முளைத்துக்கொண்டிருந்த பயறு, மழைமானியிலிருந்து பிள்ளைகள் போட்ட கோட்டுப்படம். அதில் கோடு ரொம்ப நாளாகத் தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. டீகனிடம் என்னவோ கேட்டாள். டீகன் பதில் சொல்ல வாயெடுக்கும்போது வயர்லெஸ் பெட்டி, "டேய், உன் காளை திரும்பவும் என் பக்கம் வந்துருச்சு," என்றது. ஜெனெல் அதை அணைத்தாள். தொலைபேசி அடித்தது. ஜெனெல் அதையும் அணைத்தாள்.

"பரவாயில்ல," என்று க்ளெனிஸ் சிரித்தாள். "நல்லா இருக்கு."

ஆல்பி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நல்லா இருக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்கிற வியாபாரிதான் பாதி விலைக்குக் கேட்பான். இனிமேல் பொறுப்பதில்லை.

"இது சும்மா சாப்பிடற இடம். பள்ளிக்கூடம் பின்னாடி இருக்கு. வாங்க," என்றார்.

"ஆல்பி," என்றாள் ஜெனெல்.

"டீகன், நீ ஓடிப் போய் உக்காரு."

சேண அறைக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். டீகன் சுவரைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்திருந்தது மங்கலாகத் தெரிந்தது. க்ளெனிஸ் கோப்பைத் திறந்தாள். எழுத்து தெரியவில்லை. மூடினாள். காலடியில் ஏதோ ஒன்று நசுங்கியது.

"இங்க எவ்வளவு நேரம் உக்காருவீங்க?" என்று டீகனைக் கேட்டாள்.

டீகன் தாத்தாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "இன்னிக்கா?" என்றாள்.

ஜெனெல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு ஆல்பிக்குப் பிடிக்கவில்லை. விற்பனை படுத்துக்கொண்டிருந்தது. கையிருப்பில் இருந்த கடைசிச் சரக்கையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

"எல்லாம் முறைப்படி நடக்குது இங்க. மணி கூட இருக்கு. பாருங்க," என்று சொல்லி, கயிற்றைப் பிடித்து இரண்டு இழு இழுத்தார்.

பித்தளை மணி அந்தச் சின்ன அறைக்குள் காது கிழிய அடித்தது. சத்தம் கொல்லையைத் தாண்டி, பட்டிகளைத் தாண்டி, காய்ந்த புல்வெளி மேல் போனது.

முதலில் வந்தவை நாய்கள். மூன்றும் ஒரே நேரத்தில் கதவில் நுழையப் பார்த்து அடைத்துக்கொண்டன. அடுத்தது வேலியோரத்திலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம். ராஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்து நின்றான். "இவ்ளோ சீக்கிரமா ஸ்மோக்கோ? என்ன கேக்கு?" என்றான்.

கொட்டகைப் பக்கமிருந்து ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. அதன் பின்னால், தலையெல்லாம் கம்பளித் தூசியாக, பிப்பா.

க்ளெனிஸ் ராஸைப் பார்த்தாள். பிப்பாவைப் பார்த்தாள். "நீதான் பிப்பாவா? அப்பாவோட போயிருந்தியாமே?"

"இல்லியே. தாத்தா என்னைக் கொட்டகைல வச்சிருந்தாரு," என்றாள் பிப்பா. "கூப்பிடற வரைக்கும் வராதேன்னாரு. இப்பக் கூப்பிட்டாரு."

"நான் எங்கடி கூப்பிட்டேன்?"

"மணி அடிச்சீங்களே."

ஆல்பி கயிற்றைக் கையிலிருந்து விட்டார்.

"எதுக்குக் கொட்டகைல?" என்று கேட்டாள் க்ளெனிஸ்.

"எனக்குப் படிக்க வராது. அக்காவுக்கு வரும். அதனால அக்கா வாசல் பட்டி, நான் பின்பட்டி." பிப்பாவின் குரலில் வருத்தம் எதுவுமில்லை. அவளும் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவள்தான்.

ஜெனெலின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. "ஆல்பி. இவளை ஒளிச்சா வச்சீங்க?"

ஆல்பி தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டப்போவில் ஒரு வீடு அவர் கண் முன்னால் கட்டி முடிந்து வெள்ளையும் அடிக்கப்பட்டுவிட்டது.

"எங்க அப்பாவும் இப்படித்தான்," என்றாள் க்ளெனிஸ். "எங்களுக்கு பிரவாரினா பக்கம் பண்ணை. வாங்க ஆள் வர்றாங்கன்னா நோஞ்சான் ஆட்டையெல்லாம் ஓடைக்கரைல கொண்டுபோய் மறைச்சு வச்சிருவாரு. வாங்க வர்றவங்க முதல்ல ஓடைக்கரைக்குத்தான் போவாங்க."

ராஸ் இருமினான். சிரிப்பை இருமலாக்கத் தெரிந்த பையன்.

க்ளெனிஸ் குனிந்து, பிப்பாவின் தலையிலிருந்த கம்பளியை ஒவ்வொன்றாக எடுத்தாள். "படிக்கவே வராதா? ஒண்ணு கூடவா?"

"சமையலறைல வராது. சத்தமா இருக்கும். தாத்தா தூங்கறப்ப அவர் மூலைல கொஞ்சம் வரும்."

"எங்க, காட்டு."

ஆல்பிக்கு அடுத்து வரப்போவது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. "அங்க எல்லாம் ஒண்ணும் இல்ல. குப்பை," என்று குறுக்கே வந்தார். யாரும் நிற்கவில்லை. நாய்கள் கூட அவரை முந்திக்கொண்டு போயின.

வராண்டாவில் காலை வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிப் பட்டைகள் வழியாகக் காற்று வந்தது. பிப்பா நேராகப் போய், நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த இடம் அவள் அளவுக்கே வெட்டி வைத்தது போல இருந்தது. நாற்காலிக்கு அடியில் கையை விட்டு, பந்தயப் பத்திரிகை ஒன்றை உருவினாள்.

"அது பழைய பேப்பர். அடுப்புப் பத்த வைக்க," என்றார் ஆல்பி.

"ரேடியோல குதிரைங்க பேர் சொல்லுவாங்க. நான் அதை இதுல தேடுவேன்," என்றாள் பிப்பா. விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தாள். "சில்... வர் பக்கெட். மை... அன்க்கில் ஜோ. லேட்... ஃபார்... டின்னர்." நாலாவது பெயரில் விரல் நின்றது. அது ஏதோ பிரெஞ்சுக் குதிரை. "இது வராது. இது ஜெயிக்கவும் ஜெயிக்காது."

"எது ஜெயிக்கும்?" என்று கேட்டாள் க்ளெனிஸ்.

"லேட் ஃபார் டின்னர் ஜெயிக்காது. அது மட்டும் தெரியும். தாத்தா எப்பவும் அதுலதான் கட்டுவாரு."

அரசாங்கத்திலிருந்து வந்தவள் முன்னால், ஏழு வயசுப் பிள்ளை போட்டு உடைத்துவிட்டது. ஆல்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஜெனெல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் குனிந்து குனிந்து மாதக்கணக்காக அவள் கெஞ்சியும் வராத வாசிப்பு இது. அவள் கண்ணில் என்னவோ மின்னியது. வேகமாகத் துடைத்துக்கொண்டாள்.

க்ளெனிஸ் கோப்பைத் திறந்து எழுதினாள். எழுதிக்கொண்டே பேசினாள். "சமையலறைல நடக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு, ஜெனெல். ஆனா அங்க சத்தம் அதிகம். சின்னவளுக்கு அது ஆகல. அந்த இருட்டறைல பிள்ளைங்களை உக்கார வைக்கக் கூடாது, அதை நான் சொல்லித்தான் ஆகணும். வெளிச்சமா, அமைதியா ஒரு இடம் வேணும். இருக்குன்னு எழுதினாத்தான் என்னால கையெழுத்துப் போட முடியும். இருக்கா?"

ஜெனெல் வாயைத் திறந்தாள். கிழவரைப் பார்த்தாள். "ஏற்பாடு பண்ணிட்டு..."

"அதான் இருக்கே," என்றார் ஆல்பி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இதான். இந்த வராண்டா. பிள்ளைங்களுக்குன்னு விட்டாச்சு."

"எப்ப விட்டீங்க?" என்றாள் க்ளெனிஸ், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

"இப்ப," என்றார் ஆல்பி. நாற்காலியைத் தூக்கினார். பழைய தேக்கு, நல்ல கனம். ராஸ் கை கொடுக்க வந்தான். "தள்ளு," என்று சொல்லிவிட்டு, தானே சுமந்துகொண்டு, கதவில் இரண்டு இடத்தில் இடித்து, கொல்லைப் பக்கம் போனார்.

க்ளெனிஸ் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் எல்லோரும் டீ குடித்தார்கள். மணி அடித்தாகிவிட்டதே, வேறு என்ன செய்வது? கேக்கு இல்லாததால் ஜெனெல் அவசரத்துக்கு ஸ்கோன் சுட்டாள். க்ளெனிஸ் ஜாம் தடவி மூன்று தின்றாள். எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்பதில் ஆல்பி இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறார்.

அந்த வாரமே வராண்டாவில் தாழ்வாக ஒரு மேசை வந்தது. சுவரில் மழைக் கோட்டுப்படம் வந்தது. நாற்காலி இருந்த மூலையில் ராஸ் ஒரு மெத்தையைப் போட்டான். பிப்பா அதில் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பாள்.

ஆல்பி சேண அறையில் இருக்கிறார். முதல் நாள் கோபத்தில் போய் உட்கார்ந்தவர், கண் விழித்தபோது மாலை நாலு மணி. சாக்கு அடித்த ஜன்னலால் ஒரு பொட்டு வெளிச்சம் வராது, ஈ வராது, வயர்லெஸ் சத்தம் வராது. மத்தியானத் தூக்கத்துக்கு அந்தப் பண்ணையிலேயே அதற்கு மிஞ்சிய இடம் கிடையாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "என்னைக் குதிரைக் கொட்டில்ல தள்ளிட்டாங்க," என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் வாரம் பிப்பா வந்து ரேடியோவைத் தூக்கினாள்.

"அது என்னுது," என்றார்.

"பாடத்துக்கு வேணும். அம்மா எழுதி வாங்கிட்டாங்க."

"யாருகிட்ட?"

"க்ளெனிஸ்கிட்ட." ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு கதவு வரை போனவள் திரும்பினாள். "தாத்தா, இன்னிக்கு லேட் ஃபார் டின்னர் ஓடுது. கட்டலாமா?"

"நீ என்ன சொல்றே?"

"வேண்டாம்."

அவர் கட்டினார். தோற்றார். ஜெயித்தது அந்த பிரெஞ்சுப் பெயர்க் குதிரை. அந்தப் பெயரைப் பிப்பா இப்போது முழுசாகப் படிக்கிறாள், காது கிழிய, தினமும்.

அறைக்குள் ஒரே ஒரு குறைதான். மணியை இறக்கி மறுபடி கொட்டகையில் மாட்ட வேண்டும் என்று ஆல்பி சொல்லிக்கொண்டே இருக்கிறார், இன்னும் மாட்டவில்லை. அது அவர் தலைக்கு நேர் மேலே தொங்குகிறது. ஸ்மோக்கோ நேரம் வந்ததும் பிப்பா சத்தமில்லாமல் வந்து, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு தொங்கு தொங்குவாள்.

நாய்கள் ஓடி வரும். ராஸ் ஓடி வருவான். நாற்காலியிலிருந்து விழுந்து எழுந்திருக்கும் ஆல்பியும், திட்டிக்கொண்டே, கூடப் போவார்.